தூணுக்குப் பின்னால் சாக்சபோன்

மின்சாரம் போனதும் என் வலது கை விரல்கள் மேசையில் தட்டத் தொடங்கிவிடும். நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு பார். பன்னிரண்டு பார் முடிந்தால் புளூஸில் ஒரு சுற்று. பிறகு மறுபடியும் ஒன்று. பர்மாவில் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்டில் இருட்டுக்குப் பஞ்சமில்லை, ஆகவே என் விரல்களுக்கும் ஓய்வில்லை. பகலில் குமாஸ்தாவாகவும் மாலையில் டிரம்ஸ்காரனாகவும் காலம் தள்ளியவனுக்கு எண்ணுவதை விட்டால் வேறென்ன தெரியும்? ஆனால் அப்படி எண்ணும்போதெல்லாம் நினைவில் வந்து நிற்பவர் எதையுமே எண்ணாத ஒருவர். என் அக்காவின் கணவர்.

அத்தான் சாக்சபோன் வாசித்தார். ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ், மாதா கோவிலில் கிறிஸ்துமஸ் பாட்டு, தாகேதாவில் கல்யாணம், எதுவானாலும் பாடுகிறவருக்குப் பின்னால் நின்றே வாசித்தார். ஒலிநாடா அட்டையில் பாடுகிறவரின் படம் பளபளக்கும். அத்தானின் பெயர் பொடி எழுத்தில்கூட இருக்காது. ஒவ்வோர் அட்டையையும் புரட்டிப் பார்த்து வயிறெரிந்தவன் நான்தான். "மச்சான், பேரைப் போட்டா சத்தம் கூடுமா?" என்பார் அவர்.

எண்பத்தெட்டில் ஊரடங்கு வந்தது. நடன அரங்குகள் மூடப்பட்டன. எங்களோடு வாசித்த பலர் கருவிகளை விற்றுவிட்டு வேறு வேலை தேடிக்கொண்டார்கள். அத்தானும் தன்லியினில் ஒரு தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போய்வந்தார், ஆனால் சாக்சபோனை விற்கவில்லை. சாயங்காலம் திரும்பியதும் முகம் கழுவிக்கொண்டு நேரே துணி அலமாரிக்குப் போவார். சத்தம் தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று கருவியின் வாயில் பழைய லுங்கி ஒன்றைத் திணித்து, தொங்கும் துணிகளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஊதுவார். "என் கல்யாணப் புடவையில எச்சி பட்டுச்சு, அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்று சமையலறையிலிருந்து அக்கா கத்துவாள். அலமாரிக்குள்ளிருந்து பதிலாக வருவது கம்மிய ஓசையில் ஒரு புளூஸ்தான். வேலை வருமா, மேடை திறக்குமா என்று நான் நாள்தோறும் புலம்பினேன். அவர் நாள்தோறும் ஊதினார்.

சில வருடங்கள் கழித்து வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்க, ஹோட்டல்களில் மறுபடி பாட்டு கேட்டது. ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. பாட ஒரு கரேன் இனப் பெண், கீபோர்டு, பாஸ் கிதார், நான், அத்தான். கொஞ்ச காலம் நிம்மதியாக ஓடியது. பிறகு புது மேனேஜர் வந்தார், பர்மியர், இளவயதுக்காரர். பெரியவர்களை மாமா என்பதுபோல அத்தானை 'ஊலே' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். "ஊலே, இந்த கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்கினா சாக்சபோன் வருது பாருங்க. மாசக் கடைசியோட நீங்க ஓய்வெடுத்துக்கலாம்."

அத்தான் கேட்டது ஒன்றுதான்: "மாசக் கடைசி வரைக்கும் என் இடம் என்னோடதுதானே?" அன்றிலிருந்து எல்லோருக்கும் முன்பே ஹோட்டலுக்கு வந்து, ஏற்கெனவே மனப்பாடமான பாட்டுகளையே மறுபடி வாசித்துப் பழகினார்.

அந்த மாதம் முடிவதற்குள் ஒரு மாலை, நடுப் பாட்டில் மின்சாரம் போனது. பாடகியின் மைக், கீபோர்டு, பாஸ் கிதார் எல்லாம் ஒரே நொடியில் ஊமையாயின. பின்கட்டில் ஜெனரேட்டரை உயிர்ப்பிக்கும்வரை கைகட்டி நிற்பது வழக்கம். அத்தான் நிறுத்தவில்லை. இருட்டில் அந்த சாக்சபோன் தனியாக நடந்தது. நான் மட்டும் துணைக்குத் தட்டிக்கொண்டே போனேன். பேசிக்கொண்டிருந்த மேசைகள் ஒவ்வொன்றாக அடங்கின. அவர் அப்படி முன்னால் வந்து வாசித்து நான் கேட்டதே இல்லை.

விளக்கு வந்தது. நாங்கள் ஏழாவது பாரில் இருந்தோம். இருட்டில் எண்ணிக்கையைத் தவறவிட்ட பாடகி, அதுதான் ஒன்று என்று நினைத்து முதலடியைப் பாடிவிட்டாள். நான் எட்டுக்குப் போக இருந்தேன். அத்தான் ஒரே மூச்சில் ஏழிலிருந்து ஒன்றுக்குத் தாவி, சாக்சபோனை என் பக்கம் சாய்த்தார், வா என்பதுபோல. வேறு வழியில்லாமல் நானும் தாவினேன். பாட்டே அப்படித்தான் என்று கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள். பாடகி மட்டும் அடி முடிந்ததும் திரும்பிப் பார்த்தாள். அத்தனை காலத்தில் அவள் எங்கள் பக்கம் திரும்பியது அதுதான் முதல் தடவை.

பாட்டு முடிந்ததும் மேனேஜர் ஓடிவந்து அவளைப் பாராட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், தப்பு அவ மேல. சொல்லுங்களேன்!"

அவர் சாக்சபோனின் வாய்முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முன்னால நிக்கிறவங்க எதைப் பாடுறாங்களோ அதுதான் சரி, மச்சான். நம்ம கணக்கைத்தான் மாத்திக்கணும். உனக்கு அது வராது, நீ குமாஸ்தா."

அதற்குள் பாடகியே மேனேஜரிடம் பர்மிய மொழியில் சொல்லிவிட்டாள்: "நான் தப்பா ஆரம்பிச்சேன். ஊலே என்னைப் பிடிச்சுக்கிட்டார். உங்க பட்டன் சாக்சபோனுக்குக் காது இருக்கா?"

மேனேஜர் கீபோர்டைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். மாதக் கடைசி வந்தது, போனது. அத்தான் போகவில்லை. புது ஒலிபெருக்கிக்கு இடம் வேண்டுமென்று அவரை ஒரு தூணுக்குப் பின்னால் நகர்த்தினார்கள், அவ்வளவுதான். நான் அதற்கும் பொருமினேன். "ஏசிக் காத்து மேல படாது, நல்லதுதான்" என்றார். மூச்சு இடம் கொடுத்தவரை அந்தத் தூணுக்குப் பின்னால் நின்றுதான் வாசித்தார்.

இப்போது அவர் இல்லை. மின்சாரம் வந்ததும் எங்கள் தெருப் பிள்ளைகள் "மீ லா பி!" என்று கூவுவார்கள், விளக்கு வந்துவிட்டதாம். அந்நேரம் நான் ஏதாவதொரு சுற்றின் நடுவில் இருப்பேன். நெடுநாள் வரை பன்னிரண்டை முடிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. நேற்று கூச்சல் கேட்டபோது ஒன்பதில் இருந்தேன். பத்துக்குப் போகவில்லை. ஒன்று என்று தட்டினேன்.