வாய்விட்டு எண்ணியவர்

கைகளால் பிழைத்த ஒருவர் கண்களால் மட்டும் பிழைக்க முடியுமா? எங்கள் மையத்தில் பலரைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்கலாம். சிஸ்டரைப் பார்த்துக் கேட்காமல் இருக்க முடியாது.

எங்கள் மையம் பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டிய மூன்று மாடிக் கட்டடம். உலகத்தின் ஏழைப் பகுதிகளில் எந்த உதவி பலிக்கிறது, எது வீணாகிறது என்று அளந்து சொல்வது எங்கள் வேலை. இந்த வேலைக்கென்றே பிறந்து வந்தவர் எங்களில் யாருமில்லை. இயக்குநர் பாசனத் துறையில் பொறியாளராக இருந்தவர். எதைப் பேசினாலும் வாய்க்காலில் ஆரம்பித்து மதகில் முடிப்பார். புள்ளிவிவரம் பார்ப்பவர், எந்த வயதில் எத்தனை பேர் போய்ச்சேருவார்கள் என்று ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கணக்குப் போட்டவர். ஒரு வீட்டில் சராசரியாக நாலு புள்ளி மூன்று பேர் என்று முகம் மாறாமல் சொன்னதிலிருந்து அவருக்குத் தசமம் என்று பெயர். வரவேற்பில் இருப்பவர் விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளைத் தேடிக்கொடுத்தவர்.

மையத்தின் வெளியீடுகளைத் திருத்துபவன் என்பதால், இணையதளத்தில் இவர்கள் படங்களுக்குக் கீழே வரும் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதுவதும் என் தலையில் விழுந்தது. மற்றவர்கள் இரண்டு பக்கம் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை வெட்டினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சிஸ்டர் கொடுத்தது ஒரே வரி: குழந்தைகள் வார்டு நர்ஸ்.

"முன்னாள்னு போடணும் சிஸ்டர்."

"போடலன்னா ஊசி போடச் சொல்லி வரிசையில வந்து நின்னுடுவாங்களா? சரி, போட்டுக்குங்க."

வார்டை ஏன் விட்டார் என்பதற்கும் அவரிடம் நீண்ட பதில் இல்லை. "குணமாக்கி அனுப்புன குழந்தையே அதே இருமலோட திரும்பி வந்துது. எங்கேயிருந்துதான் வருதுன்னு போய்ப் பாக்கணும்னு தோணிச்சு." அவருடைய கணவர் கடைசல் பட்டறையில் இருப்பவர். இயந்திரச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம். அவர் சொன்ன காரணம் வேறு. "வார்டுல எல்லாருக்கும் புத்தி சொல்லி முடிச்சாச்சு சார். இனிமே ஊருக்கே போய்ச் சொல்லலாம்னு கிளம்பிட்டா. எனக்குக் காது கேக்காது, இவளுக்கு வாய் நிக்காது. அதனாலதான் எங்க குடும்பம் ஓடுது."

இப்படி ஒருவரிடம் வாயைத் திறக்கக்கூடாத ஒரு வேலையை ஒப்படைத்தோம்.

சுகாதாரப் பணியாளர்கள் கைக்குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு மாதாமாதம் போய் வந்தால், சளிக்காய்ச்சல் முற்றுவதற்கு முன்பே தாய்மார்கள் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிவருவார்களா என்பதுதான் ஆய்வு. நகரத்தின் ஓரத்துக் குடியிருப்புகளைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பாதியாகப் பிரித்தோம். ஒரு பாதிக்குப் பணியாளர்கள் போவார்கள். மறுபாதிக்கு எங்கள் கணக்கெடுப்புப் பெண்கள் மட்டும் போய்க் கேள்வி கேட்டு, குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொண்டு திரும்புவார்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் பணியாளர்களால் பயன் உண்டா என்று தெரியும். ஆவணங்களில் மறுபாதிக்கு ஒப்பீட்டுப் பகுதி என்று பெயர். எங்களுக்குள் அது சும்மா பகுதி. குழந்தைக்கு ஆபத்து என்று கண்ணில் பட்டால் உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். அதற்கு மேல் யோசனையோ அறிவுரையோ அங்கே சொல்லக்கூடாது.

சும்மா பகுதி சிஸ்டரின் பொறுப்பு. அவருக்குக் கீழே நான்கு பெண்கள். அவர்களில் மூத்தவளை எல்லோரும் வாயாடி என்றே கூப்பிட்டோம், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். விதியைச் சிஸ்டர் ஒழுங்காகவே காத்தார் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு தாய் குழந்தையைத் தவறாகப் பிடித்துப் பாலூட்டுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து, வண்டியின் கதவை ஓங்கிச் சாத்தினார் என்று ஓட்டுநர் சொன்னார். கதவின் கைப்பிடியை அதற்குப் பிறகு மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டாம் சுற்றுக் கணக்கு வந்ததும் தசமம் கூட்டம் கூட்டினார். திரையில் இரண்டு கோடுகள். இரண்டு பகுதிகளிலும் தாய்மார்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள்.

"இரட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட மூக்கு கொஞ்சம் மாறும்" என்றார் தசமம். "பணியாளர் போன இடமும் போகாத இடமும் இப்படி ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்கக்கூடாது."

"அப்படின்னா?" என்றார் இயக்குநர்.

"ரெண்டே வழிதான் சார். ஒண்ணு, பணியாளர் போறதே தண்டம். இல்லன்னா சும்மா பகுதிக் கணக்கு வீட்டுல எடுத்தது இல்ல, மரத்தடியில உக்காந்து எழுதினது."

நான்கு பெண்களும் சுவர் ஓரமாக நின்றிருந்தார்கள். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு கிடையாது. போகாத வீட்டுக்குப் போனதாக எழுதியவர் என்று பெயர் வந்துவிட்டால் வேறு எந்த மையமும் சேர்த்துக்கொள்ளாது. மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். வாயாடி பார்க்கவில்லை.

"சார், பொய் எழுதவும் நேரம் வேணும். நீங்க குடுக்கற நேரத்துல உண்மையையே முழுசா எழுத முடியல."

யாரோ சிரித்துவிட்டார்கள். தசமம் சிரிக்கவில்லை, ஆனால் கோபித்துக்கொள்ளவும் இல்லை. "நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன். பொய்யின்னு தெரிஞ்சா நாலு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

"நானும் வரேன்" என்றார் சிஸ்டர். "நான் பழக்கின பொண்ணுங்க. அவங்க பொய்யின்னா நானும் பொய்."

நடப்பதைக் குறித்துக்கொள்ள அவர்களுடன் நானும் போனேன். தகரக் கூரை போட்ட ஒற்றை அறைகள் வரிசையாக இருந்த குடியிருப்பு அது. பின்னால் பெரிய கிடங்கு ஒன்று. பொதுக்குழாயில் குடங்கள் முறைக்குக் காத்திருந்தன. முதல் வீட்டில் இருந்தவள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மடிப்பு வேலை பார்ப்பவள். இடுப்பில் இருந்த குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தசமம் கேள்வியை ஆரம்பிக்கவே விடவில்லை அவள்.

"எண்ணத்தானே வந்திருக்கீங்க? இருங்க, நானே எண்ணறேன். அக்கா, கடிகாரத்தப் பாரு!"

பக்கத்து வீட்டு அக்கா செல்பேசியோடு வந்து நின்றாள். இவள் குழந்தையை மடியில் கிடத்திச் சட்டையைத் தூக்கினாள். நெஞ்சு ஒவ்வொரு முறை ஏறும்போதும் இரண்டு விரலால் தன் முழங்காலில் தட்டித் தட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டுப் போல வாய்விட்டு எண்ணினாள். குழந்தை அவள் வாயையே வேடிக்கை பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"நிமிஷம் ஆச்சு" என்றாள் அக்கா.

"மூச்சு அம்பதுக்குக் கீழதான். சும்மா சளி." சட்டையை இழுத்துவிட்டாள். "தாண்டிச்சுன்னா தூக்கிட்டு ஓடிடுவேன்."

"இது யாரு சொல்லிக்குடுத்தாங்கம்மா?" என்றார் தசமம்.

"யாரும் சொல்லல. உங்க பொண்ணுங்கதான் வரப்பெல்லாம் எண்ணறாங்களே. தாண்டுன குழந்தைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க, தாண்டாததை விட்டுடறாங்க. இதுகூடத் தெரியாதா? இந்த வரிசையில எல்லா வீட்லயும் எண்ணுவோம்."

நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டங்களில் தசமம் நீட்டி முழக்கும்போதெல்லாம் சிஸ்டரின் இரண்டு விரல்கள் முழங்காலில் தட்டுவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வண்டிக்குத் திரும்பினோம்.

"வாய்க்குள்ளதான் எண்ணணும்னு விதியில இருக்கு" என்றார் சிஸ்டர். "நான்தான் வாய்விட்டு எண்ணச் சொல்லிப் பழக்கினேன். வார்டுல அப்படித்தான். வாய மூடிக்கிட்டுக் குழந்தை நெஞ்சையே உத்துப் பாத்தா பெத்தவளுக்கு உயிரே போயிடும். தப்புன்னு அப்போ தோணவே இல்ல."

"தெரியுது சிஸ்டர்."

"பொண்ணுங்க பொய் எழுதல."

"அதுவும் தெரியுது." தசமம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதியிருந்தா தேவலை. நாலு பேர அனுப்பிட்டு ஆய்வக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப நாலு பேரு தப்பிச்சாங்க, ஆய்வு போச்சு."

சிஸ்டர் இதை இரக்கத்தால் செய்தார் என்று எழுதினால் குறிப்பு அழகாக அமையும். ஆனால் உண்மை அதுவல்ல. இரக்கப்படும் தருணங்களில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விதியைக் காத்தார், கதவைத்தான் உடைத்தார். விதியை மீறிய இடத்தில் மீறுகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. நினைத்துச் செய்ததைப் புகழலாம் அல்லது இகழலாம். பழக்கத்தால் நடந்துவிட்ட நன்மையை யார் கணக்கில் எழுதுவது? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அளக்கப் போனவர்கள் அளவுகோலையே அங்கே விட்டுவிட்டு வந்திருந்தார்கள் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு அவர் செய்தது தெரிந்தே செய்தது. அதற்காகக் கொஞ்சம் மதிப்பெண் கொடுக்கலாம்.

இயக்குநரின் அறையில் நான்கு பெண்களையும் உட்காரவைத்துவிட்டுச் சிஸ்டர் நின்றுகொண்டே சொன்னார். "தப்பு என்னோடது. நான் போயிடறேன். இவங்க பேரு கெடக்கூடாது."

இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாய்க்காலுக்குப் போகப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"மதகுல கசிவுன்னா முதல்ல அடைக்கத்தான் தோணும். ஆனா நல்ல பொறியாளன் கசிஞ்ச தண்ணி எங்க போச்சுன்னு ஒருதரம் நடந்து பாப்பான். சில சமயம் அங்க பயிர் முளைச்சிருக்கும்." திரும்பினார். "நடந்தத நடந்தபடி நிதி குடுக்கறவங்களுக்கு எழுதுவோம். விதிய மீறினதுக்கு உங்களுக்கு எச்சரிக்கை உண்டு சிஸ்டர், அதுல மாத்தமில்ல. பொண்ணுங்க இருக்கட்டும்."

"நாங்க எங்க சார் போறோம்" என்றாள் வாயாடி. "உக்கார நாற்காலி குடுத்ததே இன்னிக்குத்தான்."

நிதி கொடுப்பவர்களின் முதல் பதில் காரமாக இருந்தது. பிறகு தசமம் அவர்களோடு பல நாள் தொலைபேசியில் மல்லுக்கட்டினார். பொய் எழுதினார்கள் என்று சந்தேகப்பட்ட அதே வாய், அந்தப் பெண்களுக்காக நீட்டி முழக்கியது. கடைசியில் புதிய ஆய்வு ஒன்றுக்குச் சம்மதம் வந்தது, முன்பு கால் படாத குடியிருப்புகளில். ஒரு பாதியில் கணக்கெடுக்கும் பெண்கள் வாய்விட்டு எண்ணுவார்கள். மறுபாதியில் வாய்க்குள் எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். ஆபத்தான குழந்தையை இரண்டு பக்கமும் உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். ஆய்வு முடிந்ததும் மறுபாதிக்கும் எண்ணச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். வாய்விட்டு எண்ணுவது மட்டுமே போதும் என்று நிரூபணமானால், பணியாளர்களை அனுப்ப வசதியில்லாத எத்தனையோ இடங்களில் அதைச் செய்யலாம்.

அந்தச் சமயத்தில் மருத்துவமனையிலிருந்தும் சிஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், புதிய நர்ஸ்களைப் பழக்குவதற்கு. அவருடைய வாழ்க்கைக் குறிப்பை மாற்றவேண்டியிருக்குமா என்று கேட்க வீட்டுக்குப் போனேன். சிஸ்டர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கணவர்தான் பதில் சொன்னார்.

"மாத்த வேண்டியிருக்கும் சார். 'முன்னாள்' எடுத்துடுங்க. ஆஸ்பத்திரிக்கே போயிடுவா பாருங்க."

"கேக்காத காதுக்கு எல்லாம் தெரியும்" என்றார் சிஸ்டர், ஈரத்துணியை உதறியபடி.

பகுதிகளைப் பிரிக்கும் காலை வந்தது. வாய்விட்டு எண்ணும் பக்கம் சிஸ்டருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது அவர் கண்டுபிடித்தது என்றே பேச ஆரம்பித்திருந்தோம். தசமம் அதற்கு ஏற்றபடி பலகையில் எழுதியும் வைத்திருந்தார். சிஸ்டர் வந்தார், பலகையைப் படித்தார், தன் பெயரைக் கையாலேயே துடைத்து மறுபக்கத்தில், வாய்க்குள் எண்ணும் பக்கத்தில், எழுதினார்.

"சிஸ்டர், மாத்தி எழுதிட்டீங்க" என்றார் தசமம்.

"சரியாத்தான் எழுதியிருக்கேன்."

"அது வாயத் திறக்காத பக்கம்."

"எனக்கும் படிக்கத் தெரியும் சார்."

இயக்குநர் தனியாக அழைத்துக் கேட்டார். நான் குறிப்புக்காக என்ற சாக்கில் கேட்டேன். எங்களுக்குக் கிடைத்தது ஒரு தலையசைப்பு, அதுவும் எந்தப் பக்கம் என்று சொல்லமுடியாதது. மருத்துவமனைக்கு வரவில்லை என்று அன்றே சொல்லியனுப்பினார். அதற்கும் காரணம் சொன்னதாகத் தெரியவில்லை.

வாசலில் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. வாயாடி வாய்விட்டு எண்ணும் பக்கத்துக்குப் பொறுப்பாளராகியிருந்தாள். அவள் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருஷம் சிஸ்டர்! வாய மூடிக்கிட்டு! உங்களாலயா? ஏன் சிஸ்டர் இப்படி?"

"கைய எடு, நசுங்கிடும்" என்றார் சிஸ்டர். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு, முழங்காலில் தானாகத் தட்டப்போன இரண்டு விரல்களையும் மடக்கிக்கொண்டு, ஓட்டுநரைப் பார்த்துப் போகலாம் என்றார்.