ஹில்லெவியின் கொடிக்கயிறு

ஹில்லெவி மார்கரெத்தா நூர்டேன் (1934–2018). ஹேர்னோசாண்ட் நகரத் தபால் நிலையத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கணவர் சிக்ஸ்டன் அவருக்கு முன்பே காலமானார். ஒரே மகள் மலேனா. ஆண்டின் பெரும்பகுதியை நகரத்து அடுக்குமாடி வீட்டில் கழித்தபோதிலும், எக்ஷேர் தீவில் கழியும் கோடை மாதங்களையே ஹில்லெவி வாழ்க்கை என்று எண்ணினார். மற்ற மாதங்கள் அதற்கான காத்திருப்பு.

பிர்ச் மரத்தில் இலைகள் எலிக்காது அளவுக்கு வந்ததும் அவர் பெட்டியைக் கட்டிவிடுவார். தீவில் இறங்கியவுடன் முதல் வேலை சன்னல்களைத் திறப்பது. இரண்டாவது வேலை, குளிர்காலத்தில் செத்துக் கிடக்கும் ஈக்களைப் பெருக்குவது. மூன்றாவது வேலை, கடலில் இறங்குவது. நீர் எவ்வளவு குளிராக இருந்தாலும் காலைக் குளியலுக்குப் பிறகுதான் காப்பி. பைன் தோப்புக்கு அப்பால் குடியிருந்த ரூத்தும் அவரும் குளியலங்கியோடு மரத்துறைக்கு வந்து, ஒருவரை ஒருவர் பாராமல் ஏணியில் இறங்கி, கழுத்தளவு நீரில் நின்றபின்தான் வாய் திறப்பார்கள்.

"செத்தேன்டி," என்பார் ரூத்.

"தினம் இதையேதான் சொல்ற. செத்தபாடில்ல," என்பார் ஹில்லெவி.

அதன்பின் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் ஒருத்தி வராவிட்டால் மற்றவள் காரணம் கேட்பதில்லை. தனித்திருக்க விரும்புகிறவரைத் தனித்திருக்க விடுவதே அந்தக் கரையில் அன்புக்கு இலக்கணம்.

சதகுப்பைக் கீரை போட்டு அவித்த புது உருளைக்கிழங்கு. ஊறவைத்த ஹெர்ரிங் மீன். வேலியோரத்து ஸ்ட்ராபெரியை வெயிலின் சூடு ஆறுமுன் பறித்து நின்றபடியே தின்பது. சொந்தமாக ஒரு படகும் இல்லாதிருந்தும் வானொலியில் கடல் வானிலை அறிக்கையைக் கண்மூடிக் கேட்பது. ஹில்லெவியின் இன்பங்கள் இவ்வளவே. இவை யாவற்றுக்கும் மேலானது சிக்ஸ்டன் நட்டுவிட்டுப் போன வெள்ளைக் கொடிக்கம்பம். குடும்பத்தில் எவருக்குப் பிறந்தநாள் என்றாலும் காலை எட்டு மணிக்கு அதில் நீலமும் மஞ்சளுமான நாட்டுக்கொடி ஏறும். மலேனாவின் பிறந்தநாள் ஜூலை பதினேழு. அன்று அவள் வரும் படகு முனையைச் சுற்றித் திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது அந்தக் கொடிதான். அவள் குழந்தையாக இருந்த நாள்முதல் இது தவறியதில்லை.

2014ஆம் ஆண்டு பனிக்காலத்தின் இறுதியில், நகரத்து நடைபாதையில் வழுக்கி விழுந்து ஹில்லெவியின் வலத்தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, கை மட்டும் தோளுக்கு மேலே எழ மறுத்தது. மலேனா நேரடியாகவே பேசினாள்.

"அம்மா, அங்க நீ விழுந்து கிடந்தா மூணு நாளைக்கு யாருக்கும் தெரியாது. தீவு வீட்டை வித்துடலாம்."

"என்னைப் புதைச்சுட்டு வித்துக்கோ."

"விளையாடாதம்மா."

முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்த ஒரு கோடை சோதனை. பிறந்தநாளன்று மலேனா வந்து பார்ப்பாள். தாய் ஒருவர் கையையும் எதிர்பாராமல் காலம் தள்ளுகிறார் என்று கண்டால் வீடு இருக்கும். இல்லையேல் இலையுதிர் காலத்தில் விற்பனை. ஒருவர் கையையும் எதிர்பாராமல் இருப்பது ஹில்லெவிக்குப் புதிதன்று. அடுத்த வீட்டில் ஒரு கோப்பை சர்க்கரை கடன் வாங்கினால், மறுநாள் விடியுமுன் ஒன்றரைக் கோப்பையாகத் திருப்பிக் கொடுக்கும் குணம் அவருடையது.

பதினேழாம் தேதி காலை அவர் குளிக்கப் போகவில்லை. இடக்கையால் மட்டும் கொடியேற்ற நேரம் பிடிக்கும் என்று தெரியும். கொடியைக் கயிற்றில் கோத்தார். இடக்கையால் ஓர் இழுப்பு. இழுத்த கயிற்றை முழங்காலுக்கும் கம்பத்துக்கும் இடையில் இறுக்கிப் பிடித்தல். மறுபடி ஓர் இழுப்பு. கொடி பாதிக்குச் சற்று மேலே சென்றது. அப்போது கயிறு பிசகி மேலேயிருந்த கப்பியின் விளிம்பில் சிக்கிக்கொண்டது. அதற்குமேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ரூத்தைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் சோதனையில் தோற்றதாகிவிடும். ஹில்லெவி பெருமூச்சு விட்டு, ஏலக்காய் பன் அடுப்பில் கருகுமுன் உள்ளே போனார். காப்பி குடித்துத் தெம்பு வந்தபின் மீண்டும் முயலலாம். படகு வரப் பதினொன்றரை ஆகும். பார்ப்பவர்கள் துக்கக்கொடி என்று நினைத்துவிடுவார்களோ என்றொரு ஐயம் எழுந்தது, எழுந்தவுடனேயே அடங்கியது. அரைக்கம்பம் என்பது பாதியில் நிற்பதன்று; உச்சிவரை ஏற்றி, மூன்றில் ஒரு பங்கு இறக்க வேண்டும். இவ்விதி அறியாதவர் இந்தக் கரையில் எவருமில்லை. பாதியில் நிற்கும் கொடியைச் சிக்கிய கொடி என்றுதான் கொள்வார்கள்.

விதியை அறிந்தவர்கள் மன்னிக்கவும் அறிந்தவர்கள் என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. நீர்ச்சந்துக்கு எதிர்க்கரையில் தம் தமக்கை எல்னாவோடு குடியிருந்தவர் தோர்வால்ட். கப்பல்களுக்குத் துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். எட்டேகால் மணிக்கு, வழக்கம்போல் தொலைநோக்கியை எடுத்தவர் அப்படியே தொப்பியைக் கழற்றினார்.

"எல்னா, ஹில்லெவி வீட்டுக்கொடி அரைக்கம்பத்துல நிக்குது."

"ஐயோ. யாரு ஏத்தினது?"

"மலேனாதான் இருக்கணும். ராத்திரியே வந்திருப்பா. கொஞ்சம் தாழ்வாத்தான் கட்டியிருக்கா. பாவம், துக்கத்துல கை நடுங்காதா?"

அவர் ரூத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். ரூத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "காலைல குளிக்க வரல. நான் ஏன்னு கேக்கலையே, தோர்வால்ட்," என்றார். அண்டை வீட்டாருக்குரிய முறைப்படி தோர்வால்ட் தம் கம்பத்தில் கொடியை உச்சிவரை ஏற்றி, மூன்றில் ஒரு பங்கு அளந்து இறக்கினார். ரூத்தும் ஏற்றினார். அதைக் கண்டு முனையில் இருந்த இரண்டு வீடுகளும் ஏற்றின. ஆனால் எவரும் நேரே போய்க் கதவைத் தட்டவில்லை. துக்க வீட்டை முதற்பொழுதில் தொந்தரவு செய்யலாகாது. ரூத் அழுதுகொண்டே கேக் செய்தார். தோர்வால்ட் கருப்புக் கால்சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டார்.

பன் சுட்டு, மகளுக்காக வீட்டை ஒழுங்குசெய்து முடித்து, பதினொரு மணியளவில் ஹில்லெவி கயிற்றோடு மீண்டும் மல்லுக்கட்ட வெளியே வந்தார். எதிர்க்கரையைப் பார்த்தார். பைன் தோப்புக்கு மேலே பார்த்தார். முனையைப் பார்த்தார். எங்கும் அரைக்கம்பத்தில் கொடிகள். ஒவ்வொன்றும் விதிப்படி, அளவு பிசகாமல்.

எல்னாதான் என்று தீர்மானித்தார். அவளுக்குத் தொண்ணூறு ஆகிறது. அந்த நொடியில் சொந்தக் கயிறு மறந்துபோயிற்று. சாம்பல் நிறக் கவுனை மாட்டிக்கொண்டு, புல்வெளியில் ஒற்றைக் கையால் மணிப்பூவும் வெள்ளைச் சாமந்தியும் பறித்துக்கொண்டு, மகளுக்கென்று சுட்ட பன்களில் பாதியைத் துணியில் முடிந்துகொண்டு புறப்பட்டார். எதிர்க்கரைக்குத் துடுப்புப் போட அவரால் இயலாது. ரூத்திடம்தான் கேட்க வேண்டும். துக்கத்துக்காகக் கேட்பதில் குற்றமில்லை என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டார்.

தோப்புப் பாதையின் திருப்பத்தில் மூவரும் எதிரெதிரே வந்தார்கள். ரூத் கருப்பு உடையில், கையில் கேக் பெட்டி. பக்கத்தில், படகில் நீர்ச்சந்தைக் கடந்து வந்திருந்த தோர்வால்ட், கோட்டு அணிந்தபடி.

"தோர்வால்ட்!" ஹில்லெவி பூங்கொத்தை நீட்டினார். "நீங்க ஏன் வந்தீங்க? நானே வரேன்ல. எல்னா கஷ்டப்படாமப் போனாளா?"

தோர்வால்ட் பூங்கொத்தை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"எல்னாவுக்கு என்ன?" என்று ரூத் அலறினார். "அவ அங்க உட்கார்ந்து உனக்காக அழுதுகிட்டு இருக்கா!"

"எனக்காகவா? எதுக்கு?"

"நீ செத்துட்டேன்னு!"

"யாருடி சொன்னது?"

"உன் கொடிதான்!"

"அது பாதியில நிக்குது. அரைக்கம்பம்னா மூணுல ஒரு பங்கு இறக்கணும்னு இவருக்குத் தெரியாதா?"

"தாழ்வா இருக்குன்னு நானும் கவனிச்சேன்," என்றார் தோர்வால்ட் பணிவாக. "மலேனா பதட்டத்துல கட்டியிருப்பான்னு நெனச்சேன்."

மகளின் பெயரைக் கேட்டதும் ஹில்லெவி கடலின் பக்கம் திரும்பினார். அதே வேளையில் படகின் ஊதுகுழல் ஒலித்தது. இன்னும் சிறிது நேரத்தில் படகு முனையைத் திரும்பும். திரும்பியதும் மலேனா காணப்போவது ஒரு கரை முழுவதும் தாழ்ந்து நிற்கும் கொடிகளை.

எண்பது வயதுவரை எவரிடமும் சொல்லாத சொற்களை ஹில்லெவி அப்போது சொன்னார்.

"தோர்வால்ட், வந்து அந்தக் கயித்தை எடுத்து விடுங்க. என்னால முடியல."

தோர்வால்ட் ஓடினார், எழுபத்தெட்டு வயதில் ஓட்டம் என்று எதைச் சொல்லலாமோ அப்படி ஓடினார். கம்பத்தை அடைந்து கயிற்றைப் பக்கவாட்டில் ஓர் உலுக்கு உலுக்கி, மாற்றுப் பக்கம் சுண்டினார். கப்பி கிறீச்சிட்டது, கொடி உச்சிக்குப் பாய்ந்தது. ஆனால் படகு அதற்குள் முனையைத் திரும்பியிருந்தது.

படகில் நடந்ததை மலேனா பின்னாளில்தான் சொன்னாள். படகோட்டி அவளைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினாராம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவிடம் கடைசியாகப் பேசியது எதைப் பற்றி என்று யோசித்தாளாம். வீட்டை விற்பதைப் பற்றி.

துறையில் இறங்கியவள் தாயைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். அழுகை தீர்ந்ததும் சினம் வந்தது.

"ஒரு கொடி ஏத்த முடியல உன்னால! போதும்மா. இந்த வருஷத்தோட எல்லாம் முடிஞ்சுது."

ரூத்தும் தோர்வால்ட்டும் நாகரிகமாக விடைபெற முயன்றார்கள். "யாரும் போகக் கூடாது. என் சாவுக்குச் செஞ்ச கேக்கை நானில்லாம சாப்பிடலாம்னு பாக்கறீங்களா?" என்று ஹில்லெவி தடுத்துவிட்டார்.

நால்வரும் முற்றத்து மேசையில் அமர்ந்தார்கள். ரூத் கேக்கை வெட்டிப் பரிமாறினார். பிறகு மலேனா தோர்வால்ட்டைப் பார்த்தாள்.

"நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"எட்டேகாலுக்கு."

"கொடி சிக்கி எவ்வளவு நேரம்மா ஆச்சு அப்ப?"

"பத்து நிமிஷம் ஆகியிருக்கும்," என்றார் ஹில்லெவி.

மலேனா கோப்பையைக் கீழே வைத்தாள். "பத்து நிமிஷம். டவுன்ல என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் பேர்கூட எனக்குத் தெரியாது." பிறகு கேட்டாள்: "அப்புறம் பதினொரு மணிவரைக்கும் என்ன பண்ணீங்க?"

"கால்சட்டைக்கு இஸ்திரி போட்டேன்."

"மூணு மணி நேரமாவா?"

"மடிப்பு சரியா விழல."

மலேனா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அவள் நிமிர்ந்தபோது கண்கள் மீண்டும் ஈரமாயிருந்தன.

"அம்மா விழுந்து கிடந்தா யாருக்கும் தெரியாதுன்னு பயந்தேன். எல்லாருக்கும் தெரியுது. தெரிஞ்சும் யாரும் கதவைத் தட்ட மாட்டேங்கறீங்க. அதுதான் பிரச்சினை."

"இனிமே தட்டறேன்," என்றார் தோர்வால்ட். "இஸ்திரி போடாமலே வரேன்."

அந்த மேசையிலேயே ஏற்பாடு முடிவாயிற்று. தினமும் காலை எட்டு மணிக்குள் ஹில்லெவியின் கம்பத்தில், நீண்டு ஒடுங்கிய சிறுகொடி ஏற வேண்டும். ஏறாவிட்டால் தோர்வால்ட் உடனே படகெடுத்து வர வேண்டும். அத்தகைய சிறுகொடி இரவும் பகலும் பறக்கலாம் என்பது மரபு. ஆயினும் மாலைதோறும் இறக்கிவிடுவது என்று ஒப்புக்கொண்டார்கள். கப்பியை மாற்றி, ஒற்றைக் கைக்கு ஏற்றபடி கயிற்றைச் சுற்றி இழுக்க இடுப்பு உயரத்தில் ஒரு சிறு உருளையும் பொருத்தித் தருவதாகத் தோர்வால்ட் சொன்னார். சும்மா வாங்கிக்கொள்ள ஹில்லெவிக்கு மனம் வரவில்லை.

"பதிலுக்கு நான் என்ன செய்யறது?"

"ஒண்ணும் வேணாம்."

"அப்ப உருளையும் வேணாம். உங்க கம்பத்துலயும் தினம் ஏத்துங்க. ஏறலைன்னா நான் ரூத்தைக் கூட்டிட்டு வருவேன். நீங்க என்ன, இருபது வயசுப் பிள்ளையா?"

தோர்வால்ட் ரூத்தைப் பார்த்தார். "ஒத்துக்கோ தோர்வால்ட். இவகிட்ட இதுவரைக்கும் யாரு ஜெயிச்சிருக்கா?" என்றார் ரூத்.

மலேனா தாயின் கையைப் பற்றினாள். "சரி. வீடு இருக்கட்டும்மா. ஆனா முடியலைன்னா முடியலைன்னு சொல்லணும். இன்னிக்குச் சொன்னியே, அந்த மாதிரி."

தட்டில் ஒரு பன் மிஞ்சியிருந்தது. அந்தக் கரையில் கடைசித் துண்டை எவரும் எடுக்கமாட்டார்கள். பாதியாக வெட்டுவார்கள், பாதியில் பாதியாக வெட்டுவார்கள், துணுக்காகும்வரை வெட்டித் தட்டிலேயே விட்டுவைப்பார்கள். மலேனா வழக்கப்படி கத்தியை எடுத்தாள். ஹில்லெவி அதற்குமுன் பன்னை முழுதாக எடுத்துக் கடித்தார்.

"அம்மா!"

"செத்துப் பொழச்சவளுக்கு இதுகூடக் கிடையாதா?"

அதற்குப்பின் மூன்று கோடைகள் அந்த வீட்டில் அவர் வாழ்ந்தார். காலையில் சிறுகொடியை ஏற்றிவிட்டு, எதிர்க்கரையில் ஏறும்வரை குளியலங்கியோடு நின்று பார்ப்பார். தோர்வால்ட் தாமதித்தால், நீரின் மேல் எட்டும் குரலில், "இன்னும் இஸ்திரி முடியலையா?" என்று கேட்பார். ஹில்லெவி ஏற்றத் தவறிய காலை ஒன்றே ஒன்றுதான். ரூத்தோடு காட்டுக்குக் காளான் பறிக்க அதிகாலையிலேயே போய்விட்டிருந்தார். அன்று தோர்வால்ட் இரவு உடையிலேயே படகில் வந்து கதவைத் தட்டியது கரை முழுவதும் பேச்சாயிற்று.

2018ஆம் ஆண்டு வசந்தத்தில், பிர்ச் இலைகள் துளிர்க்குமுன், ஹில்லெவி நகரத்து மருத்துவமனையில் காலமானார். எக்ஷேர் வீட்டுக் கம்பத்தில் அவர் தம் கையால் கயிறு இழுத்து, எதிர்க்கரையில் கொடி ஏறுவதைக் கண்டுவிட்டுக் கடலில் இறங்கியது கடைசியாக 2017 ஆகஸ்ட் 30.