கிருபையும் நாற்பது சதவீதமும்

ஜாக்குலினிடம் யார் நலம் விசாரித்தாலும் ஒரே பதில்தான் வரும். "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோங்க." மாமனார் நடுவீட்டில் பிணமாகக் கிடந்தபோது, துக்கம் கேட்க வந்த ஒருவர் பழக்கதோஷத்தில் "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். அழுதுகொண்டிருந்தவள் மூக்கைச் சிந்திவிட்டு அதையே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடிவிட்டேன்.

நான் கீதா. சேவூரில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள், அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். பட்டுத்தறி இரண்டு வீட்டிலும் உண்டு. அவள் தறிச்சத்தம் நின்றால் இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாள் முழுக்க நிற்கும். அன்று மகள் பெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறியிருப்பாள்.

அவளுக்குப் பிறந்த ஊர் வந்தவாசிப் பக்கம். அப்பா சபையில் உபதேசியார். கஞ்சி குடித்த வீடுதான் என்றாலும் அந்த மனுஷன் வாயிலிருந்து ஒருநாளும் குறை வராதாம். யார் கேட்டாலும் கிருபையால் நல்லா இருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும், முறையிடுவதென்றால் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் முறையிடு என்று சொல்லி வளர்த்தார். சொந்த மாமன் மகன் கிளமெண்டுக்கே அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். இங்கே வந்து ஒரே வருஷத்தில் தறி பழகினாள். அவள் கை பட்ட ஊடையில் ஒரு இழை தப்பாது, அதை நானே சொல்லுகிறேன், எனக்கு எளிதில் யாரையும் பாராட்ட வராது.

மாமன் மகன், அத்தை மகள் என்று கூடிக் கூடிக் கொண்டாடினார்களே, இரண்டு பேர் இரத்தத்திலும் பாதிப் பாதியாக ஒளிந்திருந்த நோய் பிள்ளையிடம் முழுசாக வந்து நின்றது. தலசீமியா. உடம்பில் இரத்தம் ஊறாது. பிறந்த ஏழாம் மாதத்திலிருந்து ஊரார் இரத்தத்தை ஏற்றித்தான் பெனிட்டாவைப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். ஏற்றின புதிதில் கன்னம் சிவந்து தெருவையே இரண்டாக்கும். மூன்றாவது வாரம் உதடு வெளுத்து, வாசற்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும்.

அது மட்டும் என்றாலும் சமாளித்திருப்பாள். ஏற்றுகிற இரத்தத்தோடு இரும்புச்சத்தும் சேர்ந்து ஈரலில் தங்கிவிடுமாம். அதை இறக்குவதற்குத் தினமும் மாத்திரை தர வேண்டும். ஆஸ்பத்திரியில் சில மாதம் மாத்திரை இருக்கும், சில மாதம் ஸ்டாக் இல்லை என்பார்கள். இல்லாத மாதம் வெளியில் வாங்குவாள். வாங்க முடியாத மாதம் ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பாள். கிளமெண்ட் விசைத்தறியில் கூலிக்கு ஓடுகிறவன், குடி கிடையாது, சீட்டு கிடையாது. நல்லவனாக இருந்து என்ன பண்ண, மருந்துக் கடையில் நல்லவனுக்கென்று தனி விலையா போடுகிறார்கள்?

ஒருநாள் வேலூர் டாக்டர் பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஈரல் வீங்க ஆரம்பித்திருக்கிறது, இனி மாத்திரை ஒருநாள்கூட நிற்கக் கூடாது என்றார். இந்த நோயும் சட்டப்படி ஊனத்தில் சேர்த்திதான், அரசாங்க உதவித்தொகைக்குப் போடுங்கள் என்றும் அவரே சொன்னார். மாசா மாசம் அது கைக்கு வந்தால் மாத்திரை நிற்காது. ஜாக்குலின் கேட்டது அவ்வளவுதான்.

கேட்டவுடன் கொடுத்துவிடுவார்களா? முகாமுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டர் ஊனத்துக்குச் சதவீதம் போடுவார். நாற்பது போட்டால் உண்டு. ஒன்று குறைந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நெல்லை அளக்கப் படி இருக்கிறது, பட்டை நிறுக்கத் தராசு இருக்கிறது. பிள்ளையின் நோவை எதில் அளப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பஸ்ஸில் பிள்ளை துவண்டுவிடக் கூடாது என்று இரண்டு நாள் முன்னாடியே இரத்தம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். அதோடு விட்டாளா? பாவு முடியும்போது மிஞ்சிய பட்டில் அவளே நெய்து தைத்த அரக்குப் பாவாடையைப் போட்டுவிட்டு, தலைக்குப் பூவும் வைத்துக் கூட்டி வந்தாள். எங்களுக்குத் தறியில் மிஞ்சினது பட்டுதான், வேறு என்ன மிஞ்சும்?

"இன்னாடி இது, நிச்சயதார்த்தத்துக்கா போறோம்?" என்றேன்.

"நாலு பெரியவங்க ஒக்கார்ற எடம்க்கா. அழுக்கா இஸ்துகினு போனா மரியாதையா இருக்காது."

வரிசையில் எங்களுக்கு முன்னால் தெள்ளாரிலிருந்து ஒருவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாவது தடவை வருகிறாராம். பெனிட்டா மைதானத்தில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மொதல்ல அந்தப் புள்ளய தூக்கி இடுப்புல வெச்சிக்கோம்மா. நடக்கத் தெரிஞ்ச புள்ளயக்கூட இங்க தூக்கிகினுதான் வரணும்." ஜாக்குலின் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஸ்தோத்திரம் சொன்னாள்.

உள்ளே போனோம். டாக்டர் பாவாடையைப் பார்த்தார், சரிகையைப் பார்த்தார், பிறகுதான் பிள்ளையைப் பார்த்தார்.

"பாப்பா எப்படிம்மா இருக்கா?"

"கர்த்தர் கிருபையால நல்லா இருக்கா சார்."

அவள் காலை நறுக்கென்று மிதித்தேன். அவளுக்கு உறைக்கவில்லை.

"ஓடியாடி விளையாடுறாளா?"

"நல்லா ஆடுவா சார்."

"ஸ்கூலுக்குப் போறாளா?"

"போறா சார். கிளாஸ்ல ரெண்டாவது வர்றா."

வேலூர்க் காகிதங்களை அந்த மனுஷன் புரட்டினார், படித்தாரா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். நான் பொறுக்க முடியாமல், "சார், அவங்க சும்மா வாய்ப்பழக்கத்துல சொல்றாங்க சார், புள்ள ரொம்ப..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க யாரும்மா?"

"பக்கத்து வீடு சார்."

"பக்கத்து வீட்டுக்காரங்க வெளிய இருங்க."

முப்பத்தைந்து போட்டுவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளைக் கிழித்துவிட்டேன். "ஏண்டி, அந்தாளு உங்க சபை விசுவாசத்தையா கேட்டாரு? நோவு எப்படி இருக்குதுன்னு கேட்டாரு. வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த?"

பெனிட்டா அவள் மடியில் தூங்கிவிட்டதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் பேசினாள். "புள்ள பக்கத்துல நிக்குதுக்கா. அது காதுல உழற மாதிரி நல்லா இல்லன்னு எப்படி சொல்றது? வாயால சொல்லிட்டா அது அப்படியே ஆயிடும்க்கா."

எங்கள் வீட்டில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கண் பட்டுவிடும். அவள் வீட்டில் நன்றாக இல்லை என்று சொன்னால் பலித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு இரண்டுமே தெரியாது.

அப்புறம் அலைச்சல்தான். இந்த ஜன்னலுக்குப் போனால் அந்த ஜன்னல், அந்த ஜன்னலுக்குப் போனால் சாப்பாட்டு நேரம். ஒரு குமாஸ்தா, "போட்ட சதவீதத்த தெய்வமே வந்தாலும் மாத்த முடியாதும்மா, அடுத்த முகாம்ல மறுபடி காட்டுங்க" என்றார். எப்போது என்று கேட்டதற்கு, "போன் வரும்" என்றார். போன் வருவதற்குள் மழைக்காலம் போய் அறுப்பும் முடிந்துவிட்டது. அதற்குள் இரண்டு முறை மாத்திரை பாதியானது. பெனிட்டாவின் வயிறு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, ஸ்கூல் பாவாடையின் கொக்கியை மாற்றித் தைக்க வேண்டியிருந்தது.

இந்தத் தடவை விடக் கூடாது என்று நானே வாத்தியார் ஆனேன். சாயங்காலம் தறி நின்றதும் அவள் வீட்டுக்குப் போய், ஒரு பென்சிலைப் பிடித்துக்கொண்டு டாக்டராக உட்காருவேன்.

"பாப்பா எப்படிம்மா இருக்கா?"

"கர்த்தர் கி..."

"அடியே."

"நல்லா..." என்பாள். அதற்கு மேல் வராது. உதடு ஒட்டிக்கொள்ளும். கிளமெண்டைச் சொல்லச் சொன்னேன். "எம் பொண்ணு நல்லா இல்ல சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். சொன்னவன் எழுந்து வெளியே போய்விட்டான், அன்றைக்குச் சோறு தின்ன வரவில்லை. முகாம் அன்று அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன். பெனிட்டா இதற்கெல்லாம் நடுவில் மூலையில் உட்கார்ந்து வீடும் சூரியனும் வரைந்துகொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்குக் காது இருக்கிறது என்பது யாருக்கு ஞாபகம் வந்தது?

தெள்ளார்க்காரர் நம்பர் வாங்கி வைத்திருந்தேன். "ரத்தம் ஏத்தாம கூட்டிகினு வாங்க" என்று போனில் சொன்னார். ஏற்ற வேண்டிய வாரம் தள்ளிப் போட்டோம். சொல்லவே வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்வேன். நோயாளிப் பிள்ளையை இன்னும் கொஞ்சம் நோயாளியாக்கிக் கொண்டுவந்து காட்டு என்கிறது இந்த ஏற்பாடு. அந்த வாரம் முழுக்க ஜாக்குலின் தறியில் உட்காரவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது பட்டுப் பாவாடை கிடையாது, பூ கிடையாது, பவுடரும் கிடையாது. சாயம் போன கவுனை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இடுப்பில் தூக்கிப் போனோம். நடிப்புக்கு இல்லை, அன்றைக்குப் பிள்ளையால் நிஜமாகவே நடக்க முடியவில்லை.

இம்முறை ஒரு டாக்டரம்மா இருந்தார். கொஞ்சம் இளசு, முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"சொல்லுங்கம்மா, பாப்பா எப்படி இருக்கா?"

ஜாக்குலின் வாயைத் திறந்தாள். மூடினாள். "கர்த்தர்..." என்றாள். பக்கத்து வீட்டுக்காரி பேசினால் வெளியே போகச் சொல்வார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மடியிலிருந்து பெனிட்டா பேசியது.

"நான் நல்லா இல்லீங்க. எனக்கு வயித்துல இரும்பு இருக்குது. படி ஏற முடியாது. எங்கம்மாவுக்கு அத சொல்ல வராதுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், வேலூர்க் காகிதங்களை வரி வரியாகப் படித்தார். "அறிவான புள்ள" என்று சொல்லிவிட்டு ஐம்பது போட்டார். வெளியே வந்ததும் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜாக்குலின் மட்டும் பஸ் வரும்வரைக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

உதவித்தொகை வர ஆரம்பித்தது. மாத்திரை இப்போது முழுசாகவே போகிறது. ஈரல் மேற்கொண்டு வீங்கவில்லை என்று வேலூரில் சொன்னார்கள். அதற்கு ஸ்தோத்திரக் காணிக்கை போட வேண்டும், நீயும் வரணும்க்கா என்று ஜாக்குலின் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் சர்ச்சுக்கு அழைத்துப் போனாள். அந்த வாரம்தான் இரத்தம் ஏற்றியிருந்தார்கள். பிள்ளை கன்னம் சிவந்து, அரக்குப் பட்டுப் பாவாடையில் குதித்துக்கொண்டு வந்தது.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது போதகர் வாசற்படியில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். பெனிட்டாவைப் பார்த்ததும் குனிந்து கன்னத்தைத் தட்டினார்.

"இன்னா பெனிட்டா குட்டி, எப்படி இருக்க?"

"நல்லா இல்லீங்க ஐயா."

அவர் சிரித்துவிட்டார். "ஏன்டா கண்ணு, கன்னமெல்லாம் ஆப்பிளாட்டம் இருக்குது. கர்த்தர் கிருபையால நல்லாத்தான இருக்க?"

பிள்ளை சிரிக்கவில்லை. அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படிக் கேட்டது. "அம்மா, நல்லா இருக்கேன்னு சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க இல்ல?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போதகர் நிமிர்ந்தார். பேச்சை மாற்ற ஜாக்குலின் பக்கம் திரும்பி, "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்றார்.

அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, பதில் சொல்லாமல் படியிறங்கிவிட்டாள்.