ராபின் பெயருக்கு மேலே

மண்ணரையில் நாங்கள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குள் கேமரா போன் கொண்டுபோக முடியாது. சாம்பிளைப் படம் பிடித்துவிடுவோமாம். கேட்டில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அதனால் எங்கள் லைனில் எல்லார் கையிலும் பட்டன் போன். அதில் உருப்படியாக இருப்பது ஒரே விளையாட்டு, பந்தால் செங்கல் உடைப்பது.

ஊரே என்னென்னவோ விளையாடுகிறது. எங்களுக்கு இது போதும். கீழே ஒரு கட்டை, ஒரு பந்து, மேலே ஒரு சுவர். ஒரிசாவிலிருந்து வந்த பெண் பாஷை தெரியாமலே முதல் நாளே ஆடினாள். ஆனால் கடைசிச் செங்கல் யாருக்கும் லேசில் விழாது. அதனால்தான் விட மனசு வருவதில்லை.

இதில் கெட்டிக்காரி சித்ரகலா அக்கா. தைத்துத் தேய்த்த பீஸ்களில் குறை பார்க்கும் பைனல் செக்கிங்கில் பதினேழு வருஷம். சுவரின் ஓரத்தில் ஒரு சந்து போட்டுப் பந்தை மேலே ஏற்றிவிடுவார். அது பாட்டுக்கு உள்ளே துள்ளி உடைத்துக்கொண்டிருக்கும், அக்கா ஒரு வாய் டீ குடிப்பார்.

அப்படிப்பட்டவர் போனிலேயே முதலிடத்தில் ராபின் பெயர் இருந்தது. அயர்ன் மாஸ்டர் ராபின் ஒருநாள் அதை வாங்கி ஆடி 9,840 எடுத்துவிட்டார். எட்டு மாதமாக அக்காவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை ராபினுக்கு எங்களிடம் கடைசி நாள். பல்லடத்தில் வேறு கம்பெனி. வழக்கப்படி டீ நேரத்துக்கு லைனுக்கே பஜ்ஜி வாங்கி வைத்திருந்தார். அவர் கண்ணெதிரே முந்திவிட வேண்டும் என்று அக்கா பஜ்ஜியைத் தொடவே இல்லை. 9,830. இன்னும் ஒரு செங்கல் போதும், உடைத்தால் இருபது. நாங்கள் மூச்சுவிடாமல் குனிந்து நின்றோம்.

அப்போது பார்த்து ராபின் தேய்த்த பீஸ்களைப் பக்கத்து மேஜையில் கொண்டுவந்து வைத்தார். அக்காவின் கை போனை விட்டுவிட்டு மேலே கிடந்த பனியனை எடுத்தது. பந்து விழுந்தது.

"ஏனுங்க்கா, அது எங்க ஓடிப் போவுது? பெல் அடிச்சப்பறம் பாத்திருக்கலாமில்லீங்க?" எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"கழுத்துல ஒரு தையல் உட்டிருக்குது கண்ணு. பாத்துப்போட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

கையில் வாங்கிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. ராபின் விளக்கடியில் பிடித்துக் காட்டினார். ஆமாம், ஒரே ஒரு தையல். இந்தக் கண்ணோடு ஒரே லைனில் இருக்கிறோம் என்று அத்தனை பெருமையாக இருந்தது.

"நீங்கதானுங்க்கா ஜெயிச்சீங்க. எம்பேரை அழிச்சுப்போடுங்க" என்றார் ராபின்.

"அழிச்சா ஜெயிச்சதாகுமா தம்பி? உம்பேரு இருக்கட்டும். அதுக்கு மேல எம்பேரு வரோணும்."

திங்கட்கிழமை டீ நேரத்தில் நாங்களே அக்காவைச் சுற்றி ஒரு பீஸ் இல்லாமல் மேஜைகளைக் காலி செய்துவைத்தோம். 9,910. போன் பெயர் கேட்டது. நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தட்டிய கையோடு பல்லடத்தில் இருக்கும் ராபினுக்குப் போன் போட்டார்.

"டீ குடிச்சியா தம்பி? உம்பேரு இப்ப ரெண்டாவதா இருக்குது."