குடைக்காரியும் மூன்றரை மணி வெடியும்

பொறாமைப்படத் தகுதியான ஓர் ஆள் கிடைப்பதற்கு, அரியலூர் கலையரசன் நாற்பத்தாறு வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை அவர் யார்மீதும் பொறாமைப்பட்டதில்லை. நல்ல மனசு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அவருடைய துறையில் அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து இன்னொரு ஆளே கிடையாது.

பிழைப்பு வேறு. பிழைப்புக்கு ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். துறை என்பது பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேர்ப்பது. அதிலும் எல்லா ஜாஸும் ஆகாது. ராப் பாட்டுக் கட்டுகிறவர்கள் பழைய தட்டுகளிலிருந்து நாலு விநாடி, ஐந்து விநாடி வெட்டியெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன்மேல் பேசிப் பாடுவார்கள். அப்படி வெட்டு வாங்கிய தட்டுகள்தான் கலையரசனுக்கு வேண்டும். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் எட்டு வருஷம் இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். கூட வந்தவர்கள் சங்கிலியும் சென்ட் பாட்டிலுமாக ஊர் திரும்ப, இவர் இருநூற்றுப் பதினாலு தட்டுகளோடு இறங்கினார். மனைவி வேணியின் பட்டுப்புடவைகள் பீரோவிலிருந்து சூட்கேஸுக்குக் குடிபெயர்ந்தன.

வெட்டு வாங்கிய தட்டுக்குச் சிவப்பு ஸ்டிக்கர். மொத்தமாக வாங்கும்போது கூடவே வந்துவிட்ட, வெட்டு வாங்காத தட்டுக்கு வெள்ளை. எந்தத் தட்டின் எந்த விநாடி எந்தப் பாட்டுக்குள் போயிருக்கிறது என்று இணையத்தில் பட்டியல் கிடைக்கிறது. அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி, மொத்தத்தையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். யார் கேட்டாலும் சொல்லியிருப்பார். யாரும் கேட்டதில்லை.

வீட்டில் ஒரே ஒரு தொந்தரவு. ஞாயிறு தவிர தினமும் மாலை மூன்றரைக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். முதலில் சங்கு ஊதும். ஐந்து நிமிஷத்தில் தரை ஒரு தூக்குத் தூக்கி இறக்கும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். கலையரசனின் பிளேயர் சுவரில் பதித்த சிமெண்ட் பலகைமேல் இருந்தது. உறுதியாக இருக்கட்டும் என்று அவரே நின்று பூச வைத்தது. உறுதியான சுவர் அதிர்ச்சியையும் உறுதியாகக் கொண்டுவந்து சேர்த்தது. அதனால் சங்கு ஊதியதும் வேணி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "வெடி நேரம்! முள்ளத் தூக்குங்க!" பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட முள் தட்டின்மேல் இருக்கையில் வெடித்ததில்லை.

பட்டியலில் அவரிடம் இல்லாத முக்கியமான தட்டு ஒன்றுதான். யாரோ ஒரு டிரம்காரர் அறுபதுகளின் கடைசியில் போட்டது. பெயர் நீளம். அட்டையில் மஞ்சள் குடை பிடித்த ஒரு பெண் நிற்பாள். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த புருஷனிடம், "யாருங்க இந்தக் குடைக்காரி?" என்று வேணி கேட்டதிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து, நாலு விநாடி டிரம் மட்டும் தனியாக ஒலிக்கும். அந்த நாலு விநாடி பத்தொன்பது ராப் பாட்டுகளில் இருக்கிறது. கலையரசன் வீட்டில்தான் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கும் சாமிதுரை ஒரு நாள் டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னான்.

"சார், உங்களாட்டமே ஒரு கிறுக்கு எங்க பாடாலூர்லயும் இருக்குதுங்க. லாரி ஓட்டுறான், அறிவழகன்னு. வூடு பூரா இங்கிலீஷ் ப்ளேட்டு."

கலையரசன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கிறுக்கு என்று சொன்னது பாதிக்கவில்லை. 'உங்களாட்டமே' என்றதுதான் பாதித்தது.

ஞாயிற்றுக்கிழமை பாடாலூருக்குப் பஸ் ஏறினார்.

அறிவழகன் முப்பத்தைந்து வயதுக்காரன். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் ஏற்றிக்கொண்டு கல்கத்தா போவான். திரும்பி வரும் லோடுக்காகக் காத்திருக்கும் நாட்களில், நடைபாதைக் கடைகளில் குவியலாகக் கிடக்கும் தட்டுகளைப் பொறுக்குவான். அவன் வீடு நெடுஞ்சாலையை ஒட்டி. நிமிஷத்துக்கு நாலு லாரி வீட்டை உலுக்கிக்கொண்டு போயிற்று. ஆனால் பாட்டு அசங்கவில்லை. பிளேயரை ஒரு மக்காச்சோள மூட்டைமேல் வைத்திருந்தான்.

"மூட்ட அதிர்ச்சியக் குடிச்சிரும்ணே," என்றான் அறிவழகன்.

டிப்ளமோ படித்த கலையரசனுக்குப் பதினோரு வருஷமாகத் தோன்றாத யோசனை. அதோடு, ஆலையே தன்னை 'சார்' என்று கூப்பிடும்போது இவன் எடுத்த எடுப்பில் 'அண்ணே' என்றதும் கொஞ்சம் உறுத்தியது. மூட்டைக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, மஞ்சள் குடையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"இது என்னன்னு தெரியுமா தம்பி உனக்கு?" குரல் அவர் நினைத்ததைவிட மெலிதாக வந்தது.

"பேரெல்லாம் தெரியாதுண்ணே. வண்டியில தூக்கம் வரக் கூடாதுன்னு ராப்புதான் கேட்டுட்டுப் போவேன். ஒரு நா இதப் போட்டா, அட, நம்ம பாட்டுல ஓடுற அடி இதுல கெடக்குது! அப்புறம் ஒவ்வொண்ணா அதேமாரி தேடுனேன்."

"எந்த வெப்சைட்ல பாத்த?"

"வெப்சைட்டா? காதுல கேட்டுச்சுண்ணே."

பஸ்ஸில் திரும்பும்போது கலையரசன் அந்த ஒரு வாக்கியத்தைப் பெரம்பலூர் வரை மென்றார், அங்கிருந்து பஸ் மாறி அரியலூர் வரையிலும் மென்றார். குடைக்காரிக்குப் பதில் பதினோரு தட்டு தருவதாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. அறிவழகன் சிரித்துக்கொண்டே, "சனிக்கெழம லோடு இல்லண்ணே. நானே அதக் கொண்டாரேன். உங்க கலெக்சனையும் பாத்த மாரி ஆச்சு," என்று சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை வந்தான். கலையரசன் காலை ஷிப்ட் முடிந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தார். பீரோவைத் திறந்து காட்டியபோது அறிவழகன் வாய் திறந்து நின்றான். அந்தப் பத்து நிமிஷம் கலையரசன் மனத்தில் பொறாமை இல்லை. சிங்கப்பூர்க் கதைகூட ஒன்று சொன்னார்.

பிறகு அறிவழகன் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் தட்டை எடுத்துப் போட்டான். பியானோ இரண்டு அடி போனதும் தலையைச் சாய்த்தான்.

"அண்ணே, இதுக்கு ஏன் வெள்ள ஒட்டியிருக்கீங்க? இத வெட்டியிருக்கான்ல?"

"பட்டியல்ல இல்ல தம்பி."

அறிவழகன் போனில் ஒரு ராப் பாட்டைப் போட்டான். அதே பியானோ, சற்று மெதுவாக்கப்பட்டு, அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டைக் கலையரசன் நூறு முறையாவது கேட்டிருப்பார். அந்தத் தட்டு ஒன்பது வருஷமாக அவர் பீரோவில் இருந்தது.

"பட்டியல் போட்டவன் கேக்காம வுட்ருப்பான்," என்று அறிவழகன் ஆறுதல் சொன்னான். ஆறுதல் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அடுத்தது நடந்திருக்காது.

"சரி, குடைக்காரியப் போடு," என்றார் கலையரசன். மணி மூன்று இருபது.

அறிவழகன் இரண்டாம் பக்கத்தை வைத்தான். கடைசிப் பாட்டுக்குச் சற்று முன்பு வெளியே சங்கு ஊதியது.

"என்ன சங்குண்ணே அது?"

"ஷிப்ட் மாறுது."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "வெடி நேரம்! முள்ளத் தூக்குங்க!"

"இன்னிக்கு வெடி கெடையாது!" என்று கலையரசன் திருப்பிக் கத்தினார்.

"யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல சொன்னாங்க."

வேணி காப்பி டம்ளர்களோடு வாசலில் வந்து நின்றாள். கலையரசன் முகத்தைப் பார்த்தாள். புதுத் தட்டைப் பார்த்தாள். காப்பியைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். இருபது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த முகம் போதும். இருந்தாலும் அவர் முள்ளைத் தூக்கவில்லை.

வாத்தியங்கள் ஓய்ந்தன. டிரம் தனியாக எழுந்தது. தரை தூக்கி இறக்கியது.

முள் துள்ளி, கிரீச்சென்று இழுத்துக்கொண்டு போய், திரும்ப விழுந்தது. 'ஐயையோ தம்பி' என்பதைக் கலையரசன் முன்பே நாக்கில் தயாராக வைத்திருந்தார். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு விநாடி அவருக்குள் சர்க்கரைப் பொங்கல் கிண்டியது போல் இருந்தது.

"ஐயையோ தம்..."

"அண்ணே, சும்மா இருங்க!"

அறிவழகனின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் காது சாய்ந்திருந்தது. டிரம் நாலு விநாடி ஒலித்தது. கீறலில் முட்டியதும் முள் பின்னால் நகர்ந்து, மறுபடியும் முதல் அடியில் இறங்கியது. மறுபடி நாலு விநாடி. மறுபடி. அடி பிசகவில்லை. உலகத்து ராப்காரர்கள் மிஷின் வைத்து வெட்டி ஒட்டியதை, ஒரு சுரங்க வெடி தட்டிலேயே செய்து கொடுத்துவிட்டது.

அறிவழகன் தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். "அடியாத்தீ! தானாவே சுத்துதுண்ணே! இதுமாரி ப்ளேட்டு உலகத்துல எவங்கிட்டயும் இருக்காது!"

கலையரசன் உட்கார்ந்தார்.

காப்பியைக் குடித்துவிட்டு அறிவழகன் குடைக்காரியை அட்டைக்குள் செருகினான். வாசலில் கொஞ்சம் தயங்கினான்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. உங்களுக்குக் குடுத்துரலாம்னுதான் கொண்டாந்தேன். அன்னிக்கு அத எப்படிப் பாத்தீங்க! எனக்குத்தான் காதுல ஏறிருச்சே, ப்ளேட்டு எதுக்குன்னு தோணுச்சு. இப்ப மனசு வரலண்ணே. உங்க வூட்டுக்கு வந்த ராசி, இப்படி அமைஞ்சு போச்சு."

போய்விட்டான். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வேணி ரசம் ஊற்றிக்கொண்டே, "ஆபீஸ்ல எந்த மகராசன் சொன்னான், வெடி இல்லன்னு?" என்று மட்டும் கேட்டாள். கலையரசன், ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்த கலையரசன், பீரோவிலிருந்து ஒரு வெள்ளை ஸ்டிக்கர் தட்டை எடுத்தார். மூன்றரைக்கு, டிரம் வருகிற இடம் பார்த்து முள்ளை வைத்தார். வெடித்தது. முள் துள்ளியது. குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அதற்கப்புறம் சொறிகிற சத்தம்தான், எதுவும் தானாகச் சுற்றவில்லை. செவ்வாய்க்கிழமை இன்னொன்று. புதன்கிழமை முள் அசையவே இல்லை. வெடிமருந்தைக் குறைத்துவிட்டார்களோ என்று மறுநாள் சுரங்கத்துக்குப் போன் போட்டு விசாரித்தார். இந்தக் கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

வெள்ளை ஸ்டிக்கர்கள் தீர்ந்து சிவப்பில் கை வைத்த அன்று, சங்கு ஊதியது. அடுப்படியிலிருந்து வேணியின் குரல் வந்தது.

"வெடி நேரம்! முள்ள வெச்சாச்சா?"

"வெச்சாச்சு," என்றார் கலையரசன்.