மேடையை விட்டுப் போகுமுன் பாடகி பாடியவை

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொங்கல் விழாவில் வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முந்தைய ஆண்டு அதைச் செய்தவர் இரண்டு தவறு செய்திருந்தார். இரண்டையும் நான்தான் எழுந்து நின்று சொன்னேன். சங்கச் செயலாளர் அதை மறக்கவில்லை. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ் பேசும் மனிதர் அவர். நேராக வீட்டுக்கு வந்து, "தப்பு கண்டுபிடிக்கிறவர்கிட்டயே வேலைய குடுத்துட்டா தப்பே வராதில்ல சார்?" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தரப் பரிசோதனையில் இருந்தவன். கையில் எது கிடைத்தாலும் எண்ணுவேன். எங்கள் குடியிருப்பில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். தமிழ் பேசுவது அறுபத்தொன்று, கன்னடம் இருபத்தேழு, தெலுங்கு இருபத்து நான்கு. அதனால்தான் வினாடி வினாவுக்குத் தலைப்பு அமைவது கஷ்டம். எதை எடுத்தாலும் யாராவது ஒரு பக்கம் "இது உங்காளுங்களுக்குச் சாதகம்" என்பார்கள். கடைசியில் கைதூக்கி ஓட்டெடுத்ததில் ஒரு பாப் பாடகியின் பெயர் வந்தது. அந்த அம்மாள் மூன்று மொழியிலும் பாடுகிறவர். மூன்று தரப்பும் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்ததால் சண்டை வரவில்லை.

பாடகியைப் பற்றிய விவரங்களைச் சரிபார்க்கப் பதினேழு நாட்கள் ஆயின. மூன்று இணையப் பக்கங்களில் மூன்று பிறந்த தேதி. சராசரி எடுக்கவும் முடியாது. பாடிய பாட்டுகள் ஓரிடத்தில் அறுநூறு, இன்னோரிடத்தில் "ஆயிரத்துக்கும் மேல்". மேல் என்றால் எவ்வளவு மேல்? ஒரே மெட்டை மூன்று மொழியில் பாடினால் ஒன்றா, மூன்றா? அதை யாரும் தெளிவுபடுத்தவில்லை. சர்ச்சைகள் என்று ஒன்பது போட்டிருந்தார்கள். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். இரண்டு, ஒரே சண்டையை இரண்டு தலைப்பில் எழுதியது. ஒன்று, அதே பெயருள்ள வேறொரு பாடகியின் விவகாரம். இந்த அம்மாள் பாவம், அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். இன்னொன்று, நடக்கவே இல்லை என்று எழுதினவரே அடுத்த வாரம் எழுதியிருந்தார். மிச்சம் ஆறு. மேடையில் வாயை மட்டும் அசைத்தார் என்பது ஒன்று, மெட்டு யாருடையது என்ற வழக்கு ஒன்று, இப்படி.

ஒரு விதி வைத்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருந்தால்தான் கேள்வி. அந்த இரண்டு இடமும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கக் கூடாது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வேறு யாருடைய புகைப்படத்தையோ பாடகியின் சிறுவயதுப் படம் என்று இரண்டிலும் போட்டிருப்பார்கள்.

ஆறாவது சர்ச்சையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். "ஓசூர் மேடையில் மூன்றே பாட்டுகள் பாடிவிட்டுக் கோபித்துக்கொண்டு வெளியேறினார்." பார்த்த பக்கங்கள் எல்லாவற்றிலும் அதுவே இருந்தது. கன்னடம் பாடச் சொன்னதால் கோபம் என்று சிலர், தமிழ் பாடச் சொன்னதால் என்று சிலர்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தக் கச்சேரி நடந்த மைதானத்தில், ஐந்தாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலை. ஏனென்றால் அதே நாளில் ஊத்தங்கரையில் என் மச்சானின் புதுமனை புகுவிழா. கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, வெயிலில் போய், யார் யாருக்கோ வணக்கம் சொல்லி, திரும்பி வர வேண்டும் என்பதை நினைத்தபோதே எனக்கு முதுகு வலித்தது. தொழிற்சாலையில் இலவச டிக்கெட் வேறு கொடுத்திருந்தார்கள். "ஆடிட் இருக்குது, லீவு கிடையாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் இனிப்புப் பெட்டியோடு தனியாகப் போய் வந்தாள். இல்லாத அந்த ஆடிட்டை மச்சான் அன்று முதல் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "எங்க மாமா இல்லாம அந்தக் கம்பெனில லாரி கேட்டத் தாண்டாதுங்க, அதான் வரல." என் காது படவே பத்தொன்பது முறை சொல்லியிருக்கிறான்.

ஆகவே ஆறாவது சர்ச்சையை நான் கேள்வியாக வைக்கவில்லை. மற்ற ஐந்திலிருந்து வைத்தேன். பொய்யான விடையை எழுதவும் மனம் வரவில்லை, உண்மையை எழுதவும் தைரியம் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல், என் மனைவியும் போட்டியாளர். பாடகியின் பாட்டைக் கேட்டுக்கொண்டே சமைப்பவள் அவள். முதல் பரிசு டேபிள்டாப் கிரைண்டர். எங்கள் வீட்டுக் கிரைண்டர் அரைக்கும்போது நகர்ந்து நகர்ந்து சமையலறை வாசலுக்கு வந்துவிடும். "அந்தக் கிரைண்டரு இந்த வருசம் நம்ம வீட்டுக்குத்தான்" என்று அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நான் கேள்வித்தாளைப் பீரோவில் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"எதுக்கு இப்படி மறைச்சி மறைச்சி வெக்கிறீங்கோ?" என்றாள். "உங்க கேள்விய நான் பாக்கணும்னு ஒண்ணும் இல்ல. நீங்க புக்குல பாத்து எழுதினது. நான் கேட்டு வளந்தவ."

விழாவன்று தொண்ணூறு நாற்காலி போட்டிருந்தார்கள், எண்பத்து மூன்று நிறைந்திருந்தன. மூன்றாவது வரிசையில் என் மச்சான். ஒரு மூட்டை நிலக்கடலையோடு காலையில்தான் ஊத்தங்கரையிலிருந்து வந்திருந்தான். நான் நடுவர் என்பதால் மேடை ஓரத்தில் மேசையும் மணியும் கொடுத்திருந்தார்கள்.

கடைசிச் சுற்றில் என் மனைவியும் நாலாவது குறுக்குத் தெருவில் பால் கடை நடத்தும் அம்மாளும் மிஞ்சினார்கள். அந்த அம்மாள் வீட்டில் தெலுங்கு பேசுபவர்; கணக்கில் என்னையே மடக்குபவர். இருவரும் ஏழுக்கு ஏழு. என் கேள்விகள் தீர்ந்துவிட்டன. நான் கூடுதலாக நான்கு கேள்வி எழுதி வைத்திருந்தேன், ஆனால் அவை பீரோவில் இருந்தன. சாவி மட்டும் என்னிடம் இருந்தது.

"பரவால்ல சார், நான் ஒண்ணு வெச்சிருக்கேன். லோக்கல் கேள்வி!" என்று செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம்ம ஓசூரு மேடைல, கோவிச்சிகினு போறதுக்கு முன்னாடி அவுங்க பாடினது எத்தனை பாட்டு?"

பால் கடை அம்மாள் உடனே, "மூணு! நான் நேர்ல போயிருந்தேன்," என்றார்.

என் மனைவி ஒலிபெருக்கியை வாங்கி நிதானமாக, "பதினொண்ணு," என்றாள்.

செயலாளர் தொலைபேசியைப் பார்த்து, "மூணுதான் கரெக்ட். கிரைண்டர்..." என்று ஆரம்பித்தார்.

"மூணுன்னு யாரு சொன்னது?"

"நெட்ல இருக்குதும்மா."

"நெட்டு அன்னிக்கி மைதானத்துக்கு வந்திருந்திச்சா?"

கூட்டம் சிரித்தது. செயலாளரும் விடவில்லை. "சரி, நீங்க வந்திருந்தீங்களா?"

"நான் எங்க வந்தேன்? நான் ஊத்தங்கரைல எந்தம்பி வூட்டுப் பந்தில சோறு போட்டுகினு இருந்தேன். தோ, நடுவரு உக்காந்திருக்காரே, இவரு போயிருந்தாரு. இவரையே கேளுங்கோ."

எண்பத்து மூன்று முகமும் திரும்பின. அதில் எண்பத்திரண்டை என்னால் தாங்க முடிந்தது.

இல்லை என்றால் பதின்மூன்று ஆண்டுப் பொய் பிழைக்கும், மனைவி சபையில் பொய்க்காரி ஆவாள், கிரைண்டர் நாலாவது குறுக்குத் தெருவுக்குப் போகும். ஆமாம் என்றால் மூன்றாவது வரிசை. முப்பத்து நான்கு ஆண்டில் அளவு தவறிய ஒரு சாமானைக்கூட நான் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியதில்லை. எழுந்து நின்றேன்.

"போயிருந்தேன்," என்றேன். "பதினொன்றுதான்."

"அதெப்படி?" என்று பால் கடை அம்மாள் எழுந்தார். "என் காதால கேட்டேன் சார். மூணு!"

"இல்லல்ல, நாலு," என்றார் செயலாளர் திடீரென்று. "நானும் போயிருந்தேன், இப்பதான் நெனப்பு வருது. நெட்டுல தப்பா போட்டிருக்கான். நாலு."

கடைசி வரிசையிலிருந்து ஒருவர், அறுபத்தொரு தமிழ் வீடுகளில் ஒன்றைச் சேர்ந்தவர், "நானும் வந்தேங்க. நாலுதான்!" என்று கத்தினார். அது செயலாளருக்கு ஆதரவு என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் மணியை அடித்தேன். ஒவ்வொருவராகப் பாட்டைச் சொல்லச் சொன்னேன். செயலாளர் சொன்ன நான்கும் கன்னடம். கடைசி வரிசைக்காரர் சொன்ன நான்கும் தமிழ். பால் கடை அம்மாளின் மூன்றும் தெலுங்கு.

"மத்த பாட்டெல்லாம்?" என்று கேட்டேன்.

"அப்போ நான் போண்டா வாங்கப் போயிருப்பேன்," என்றார் செயலாளர்.

"தமிழ்ப் பாட்டு வந்தப்ப வூட்டுக்குப் போன் பண்ணிகினு இருந்தேன்," என்றார் பால் கடை அம்மாள், சற்று இறங்கிய குரலில்.

இதுதான் நடந்தது. பாடகி ஒவ்வொரு மெட்டையும் தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று மூன்று முறை பாடினார். எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் வந்ததை மட்டும் பாட்டு என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். யாரோ ஒரு தெலுங்கு நிருபர் முதலில் எழுதியிருக்க வேண்டும், அது மூன்றாகவே உலகம் முழுவதும் நின்றுவிட்டது. நாலும் நாலும் மூன்றும் பதினொன்று. சபை விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தது.

"அப்போ தெலுங்குல மட்டும் ஏன் ஒண்ணு கம்மி?" பால் கடை அம்மாளின் குரல் மறுபடியும் ஏறிவிட்டது. இருபத்து நான்கு வீடுகளும் நிமிர்ந்து உட்கார்ந்தன.

"பன்னிரண்டாவது உங்க மொழியிலதாம்மா ஆரம்பிச்சாங்க. நாலு வரி பாடினாங்க. ஜெனரேட்டர்ல டீசல் தீந்துபோச்சி. இருபது நிமிஷம் இருட்டுல நின்னுட்டுத்தான் போனாங்க. கோபமெல்லாம் இல்ல. கூட்டத்தைப் பாத்துக் கும்பிட்டுத்தான் போனாங்க. ஐந்தாவது வரிசையில இருந்த எனக்கு செல்போன் வெளிச்சத்துல நல்லாத் தெரிஞ்சுது."

"அந்த நாலு வரி கணக்குல வராதா?"

அந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே சந்தேகம் வந்தது. மனைவி முறைத்தாள். யோசித்துப் பார்த்து, "வேலை முடியாத சாமான் முடிந்த சாமானோடு சேராது," என்று தீர்ப்புச் சொன்னேன். பதினொன்று. கிரைண்டர் எங்களுக்கு.

கைதட்டல் ஓய்ந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து மச்சான் எழுந்தான். கோபமாக இல்லை, குழப்பமாகத்தான் கேட்டான். "மாமா, அப்போ அந்த ஆடிட்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி ஒலிபெருக்கியிலேயே சொன்னாள். "இதான்டா அந்த ஆடிட்டு. பாட்டு ஆடிட்டு."

எண்பத்து மூன்று பேரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தான் என்பதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் சிரித்து முடிக்க மற்றவர்களைவிட அவனுக்கு அதிக நேரம் ஆனது. சாப்பிட உட்கார்ந்தபோது, "பந்தில உங்களுக்குன்னு எல போட்டு வெச்சிருந்தோம் மாமா," என்று மட்டும் சொன்னான். பிறகு எனக்கு வடை எடுத்து வைத்தான். அதற்குப் பதில் அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவியிடம் கேட்டேன், எப்படித் தெரியும் என்று.

"சட்டை தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? பையில ஒரு சீட்டு. த, க, தெ-ன்னு மேல எழுதி, கீழ கோடு கோடா போட்டிருந்தீங்கோ. மொதல்ல கம்பெனி சாமான்னு நெனச்சேன். மறுநாள் பேப்பர்ல மைதானம் போட்டோ வந்துச்சி."

"பதின்மூணு வருஷமா ஏன் கேக்கல?"

"அப்புறந்தான் சீட்டத் திருப்பிப் பாத்தேன். பின்னாடி டிக்கெட்டு ஒட்டிகினு இருந்துச்சி. 'இருவருக்கு'ன்னு போட்டிருந்துச்சி." அவள் நடையை நிறுத்தவில்லை. "ஊத்தங்கரைக்கு வரலன்னா போவுது. என்னக் கூட்டிகினு போயிருக்கலாம் இல்ல? அதை நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அன்று பக்கத்து நாற்காலியில் என் சாப்பாட்டுப் பையைத்தான் வைத்திருந்தேன். பை கீழே விழாமல் இருக்க அவ்வப்போது பிடித்துக்கொண்டும் இருந்தேன். கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றி மறுத்திருந்தால்கூட ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து இணையப் பக்கத்தில் திருத்தம் போட்டேன். ஒரு மணி நேரத்தில் யாரோ அதை அழித்துவிட்டு, ஆதாரம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். நான்தான் ஆதாரம் என்று எழுதினேன். அதையும் அழித்துவிட்டார்கள். உலகத்துக்கு இன்னும் மூன்றுதான்.

போன மாதம் பாடகி பெங்களூரில் பாட வந்தார். மனைவி இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தாள். நான் அன்று காலையே வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டேன். பத்து மணிக்கு ஊத்தங்கரையிலிருந்து மச்சானின் மனைவி வந்து இறங்கினாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி மல்லிகை வைத்துக்கொண்டார்கள். பஸ் நிலையம் வரை பையைத் தூக்கி வந்து விட்டேன்.

"எத்தனை பாட்டுன்னு மட்டும் எண்ணிக்கோ," என்றேன் ஜன்னல் ஓரமாக நின்று. "மூணு பாஷையையும் தனித்தனியா."

"சரி, சரி, நகருங்கோ, பஸ்ஸு எடுக்கறான்."

மறுநாள் மதியம் திரும்பி வந்தாள். தொண்டை கட்டியிருந்தது, கூடவே பாடியிருக்கிறாள். நான் பேனாவும் தாளும் எடுத்து வைத்திருந்தேன்.

"அட, எண்ணவே மறந்துட்டேங்க," என்றாள். பிறகு புதுக் கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு, கட்டின தொண்டையோடு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். என்ன மொழி என்று அடுத்த அறையிலிருந்து எனக்குத் தெரியவில்லை.