தண்ணீருக்கு வழி கேட்ட சர்வேயர் அம்மா

சந்தவாசலில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. சபைப் போதகர் பேசினார். "சார், நம்ம ரூபி அம்மா காலைல தவறிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிகினு இருந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி." இலையை மடித்துவிட்டு வெளியே வந்தேன். ஐப்பசி வானம் மேற்கே கறுத்துக் கிடந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம்தான். இந்த மழைக்கு எங்கள் தெருக் கதவுகளை யார் வந்து தட்டுவார்கள்?

ஆரணியில் அவரைச் சர்வேயர் அம்மா என்றால்தான் பலருக்கும் தெரியும். தாலுகா அலுவலகத்தில் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். நான் நெசவாளர் தெரு அம்மன் கோயிலின் தர்மகர்த்தா. ஏரி நிரம்பினால் உபரி நீர் அவருடைய தேவாலயத்தை ஒட்டி வந்து, எங்கள் கோயிலைத் தாண்டி ஆற்றுக்குப் போக ஒரு வாய்க்கால் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதன் குறுக்கே தேவாலயம் மதில் கட்டியிருந்தது. சற்றுக் கீழே நாங்கள் அன்னதானக் கூடம் கட்டியிருந்தோம்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் எழுந்து, மதிலை இடிக்க வேண்டும் என்றாராம். சபையில் பலர் கொதித்துப்போனார்கள். சொந்த ஆலயச் சுவரை இடிக்கச் சொல்கிற பெண்பிள்ளை என்று முகத்துக்கு நேராகவே பேசினார்கள். இரண்டு குடும்பங்கள் அவருடன் பேச்சையே நிறுத்திவிட்டன. "ஜெபம் பண்ணுங்க, வேணாம்னு சொல்லல. செவுத்த எடுத்துட்டு அப்புறம் ஜெபம் பண்ணுங்க" என்று அவர் சொன்னதைப் போதகர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆறேழு மாதம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சபை இறங்கி வந்தது. மதிலில் வண்டி நுழையும் அகலத்துக்கு வழி விட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சுருட்டிய வரைபடத்தோடு எங்கள் கோயில் வாசலில் வந்து நின்றார். செருப்பைத் தள்ளி விட்டுவிட்டு, படியேறாமல் கீழேயே நின்றார். கூடத்தின் பின்சுவரை எடுத்துவிடச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"அம்மன் பேரால சோறு போடற எடம் இது. நீங்க வந்து இடிக்கச் சொன்னா ஊர்ல இன்னா பேசுவாங்கன்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியும் சார். அந்தப் பயத்தோடதான் வந்தேன்." வரைபடத்தை விரித்து வாய்க்கால் கோட்டைக் காட்டினார். "ஆனா தண்ணிய நெனச்சா அத்த விடப் பயமா இருக்குது. முன்னெல்லாம் பத்து நாளு பேஞ்ச மழை இப்ப ஒரே நாள்ல கொட்டிட்டுப் போவுது. வர்ற தண்ணிக்கு வழி வேணும் சார்."

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். பார்க்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை ஏரி வழிந்தது. தேவாலயத்து வழியாகச் சுலபமாக வந்த தண்ணீர் எங்கள் கூடத்துச் சுவரில் மோதி, நேராக நெசவாளர் தெருவுக்குள் திரும்பியது. நான் ஓடி வரும்போது ரூபி அம்மா முழங்கால் தண்ணீரில் நின்று வீடு வீடாகக் கதவை அடித்துக்கொண்டிருந்தார். "தறிய உடுங்க! வெளிய வாங்க!"

எங்கள் வீடுகளில் தறிக்குக் கீழே குழி இருக்கும். அதில் காலைத் தொங்கவிட்டு மிதித்துத்தான் நெய்ய வேண்டும். என் அண்ணனுக்கு இடது கால் விளங்காது. யாராவது தூக்கிவிட்டால்தான் குழியிலிருந்து ஏறுவார். அண்ணியும் அன்று ஊரில் இல்லை. நான் உள்ளே போனபோது குழி நிரம்பி, தண்ணீர் அவர் மார்புக்கு வந்திருந்தது. தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடக்கூட வராமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் என்னை விடவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னாலேயே வந்த ரூபி அம்மாதான் தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலை அறுத்துத் தள்ளி, அண்ணன் அக்குளில் கையைக் கொடுத்தார். "இழுங்க சார், ஜல்தி!" இருவருமாக அவரை வெளியே கொண்டுவந்து போட்டோம்.

அதற்குள் சபைப் பிள்ளைகள் கடப்பாரைகளோடு வந்துவிட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்புக் கேட்டு, ஜமாத்தார் ஒருவர் தம்முடைய ஜேசிபியை ஓட்டி வந்தார். ஆனால் யாரும் கூடத்துச் சுவரைத் தொடவில்லை. பூசாரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கடப்பாரையை வாங்கி முதல் அடியை நான் போட்டேன். சுவர் சாய்ந்ததும் தண்ணீர் உறுமிக்கொண்டு ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. அந்த வேகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தனையையும் நான் தெருவுக்குள் திருப்பிவிட்டிருந்தேன். உயிர்ச்சேதம் இல்லை என்பது எங்கள் புண்ணியம். தெருவில் ஒரு பாவுகூடத் தப்பவில்லை.

சேறு வாரிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்கிட்ட கேக்காதீங்க சார். சபை மதில் கட்டறப்ப எடத்த அளந்தது நான்தான். வாய்க்கால் மேல வருதுன்னு தெரியும். நம்ம ஆலயமாச்சேன்னு வாய மூடிகினு இருந்தேன். ரிடையர் ஆனப்புறம் மழை பெய்யற அன்னிக்கெல்லாம் எனக்குத் தூக்கமே கெடையாது."

அவரை அறிந்தவர்கள் அவரைத் துணிச்சல்காரி என்று சொல்கிறார்கள். இரங்கல் கூட்டத்திலும் அப்படித்தான் பேசினார்கள். எனக்குத் தெரிந்த ரூபி அம்மா பயந்தவர். அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் புரட்டாசியில் கோயில், சபை, பள்ளிவாசல் மூன்றிலிருந்தும் ஆட்கள் திரண்டு வாய்க்காலைத் தூர்வாரினோம். எல்லாரும் சிரித்துப் பேசி வேலை செய்வார்கள். அவர் மட்டும் ஏரிக்கரையைப் பார்த்தபடியே இருப்பார். "இது போதாது சார், இன்னும் பெரிய மழை வரும்" என்பார். நான் ஆறுதல் சொல்லப் போனால் கையமர்த்திவிடுவார்.

அவருடைய பயத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அடக்கம் முடிந்த மறுநாள் காலை, தனியாக வாய்க்கால் ஓரமாகவே நடந்தேன். கோயிலுக்குக் கீழே ஒரு வளைவில் வாய்க்காலை மறித்துப் புதிதாக அஸ்திவாரம் தோண்டிச் செங்கல் இறக்கியிருந்தார்கள். தறிக்கூடம் கட்டப்போகிறார்களாம். இடம் யாருடையது என்று விசாரித்தேன். என் மகளைக் கொடுத்த வீட்டுக்காரர், என் சம்பந்தி.

நாளை காலை அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் என்ன சொல்வார், என் மகளை என்ன சொல்வார்கள் என்று பயமாகத்தான் இருக்கிறது. ஏரி முக்கால்வாசி நிரம்பிவிட்டது.